பால் பைதான் மார்ஃப்கள்: அடையாளம், மரபணு, இனப்பெருக்கம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் பைதான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை வாங்க நினைப்பவர்களும், கையில் ஒரு ஜோடி இருக்கிறது, குட்டி எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கூண்டு, இரை, தண்ணீர் போன்ற அன்றாட வளர்ப்பு விஷயங்களுக்குள் அதிகம் போகவில்லை.

மார்ஃப் என்று எதைச் சொல்கிறார்கள்?

பால் பைதானின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. வளர்ப்புச் சந்தைக்கு வந்தவற்றில் பெரும்பகுதி கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை. காட்டில் இருப்பது கரும்பழுப்பு உடம்பில் பொன்பழுப்புத் திட்டுகளும் வெளுத்த வயிறும் கொண்ட பாம்பு. இதை ‘நார்மல்’ என்கிறார்கள். மரபணு மாற்றத்தால் நிறமோ திட்டுகளின் வடிவமோ மாறி, அந்த மாற்றம் குட்டிகளுக்கும் போனால் அது மார்ஃப். குட்டிகளுக்குப் போக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். முட்டையில் இருக்கும்போது வெப்பநிலை ஏறி இறங்கியதால்கூட ஒரு குட்டி விசித்திரமான கோடுகளோடு பிறக்கலாம். அது அந்தக் குட்டியோடு முடிந்துவிடும், மார்ஃப் ஆகாது.

பழைய மார்ஃப்கள் பலவற்றின் தொடக்கம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெட்டிகளில் கிடந்த ஒன்றிரண்டு வித்தியாசமான பாம்புகள்தான். அமெரிக்காவில் பாப் கிளார்க் 1992இல் ஆல்பினோவை (கருநிறமி இல்லாத பாம்பு) இனப்பெருக்கம் செய்து, அது மரபுவழியாக வருவது என்று காட்டினார். பீட் கால் 1997இல் பைபால்டுக்கு (உடம்பில் பெரிய வெள்ளைப் பகுதிகள் கொண்ட பாம்பு) அதையே செய்தார். இன்று சாதாரணமாகப் பார்க்கிற கூட்டு மார்ஃப்கள் எல்லாம் இந்த மாதிரி ஒவ்வொன்றாக நிரூபிக்கப்பட்ட மரபணுக்களின் சேர்க்கை.

மொத்தம் எத்தனை மார்ஃப்?

அடிப்படை மரபணு மாற்றங்கள் நூற்றுக்கணக்கில், அவற்றைச் சேர்த்து எடுத்த கூட்டுகள் ஆயிரக்கணக்கில். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ‘பம்பிள்பீ’ என்றால் பேஸ்டல், ஸ்பைடர் என்ற இரண்டு மார்ஃப்களும் சேர்ந்தது, அவ்வளவுதான். எந்தக் கவர்ச்சியான பெயரைக் கேட்டாலும், அதற்குள் இருக்கும் மரபணுக்களின் பட்டியலைக் கேளுங்கள்.

போட்டோ அனுப்பினால் என்ன மார்ஃப் என்று சொல்ல முடியுமா?

சில நேரம் முடியும். பைபால்ட், ஆல்பினோ, பனானா போன்றவற்றை யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் போட்டோவின் வெளிச்சம் மஞ்சளாக இருந்தால் நார்மல்கூட பேஸ்டல் போலத் தெரியும். சட்டை உரிக்கப் போகும் பாம்பு சாம்பல் பூத்து மங்கலாக இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்லவே கூடாது. பகல் வெளிச்சத்தில், சட்டை உரித்த ஒன்றிரண்டு நாளில், முதுகு, பக்கவாட்டு, தலை, வயிறு நான்கையும் தனித்தனியாக எடுத்த படங்கள் வேண்டும்.

வயதும் குழப்பும். குட்டியில் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் பேஸ்டல் பல, வளர வளரப் பழுப்பேறும். பனானா நேர் எதிராக, வயதாக வயதாகக் கரும்புள்ளிகள் போட்டுக்கொண்டே போகும். ஐந்து வயது பாம்பை வாங்கினால், குட்டியில் எடுத்த படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, நேரில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

யெல்லோபெல்லியை எடுத்துக்கொள்வோம், அதிகமாகத் தவறவிடப்படும் மரபணு இதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் தெளிவான நார்மல் மாதிரி இருக்கும். கையில் எடுத்து மெதுவாக ஒருக்களித்துப் பாருங்கள். வயிற்றின் நடுப்பகுதி சுத்தமாக, லேசான மஞ்சளோடு இருக்கும். வயிறும் பக்கவாட்டும் சேரும் ஓரத்தில் கறுப்பும் வெளுப்புமாகக் கட்டம் போட்டது போன்ற வரிசை ஓடும். பக்கத்துத் திட்டுகள் கீழிருந்து மேலே தீ நாக்கு போல வெளுத்து ஏறும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். இதே அல்லீல் (ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள்) கூட்டத்தில் அஸ்ஃபால்ட், கிராவல், ஸ்பெக்டர், ஸ்பார்க் என்று வேறு சிலவும் இருக்கின்றன, அவையும் தனியாக இருக்கும்போது இதே போல அடங்கித்தான் தெரியும். ஆனால் இரண்டு யெல்லோபெல்லியைச் சேர்த்தால் ‘ஐவரி’ என்ற தந்தநிறப் பாம்பு வரும். யெல்லோபெல்லியும் கிராவலும் சேர்ந்தால் ‘ஹைவே’ வரும், முதுகில் நீளவாக்கில் கோடு ஓடும் அற்புதமான பாம்பு அது. அதனால்தான் அந்த வயிற்று ஓரத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

மற்றவற்றில் இனப்பெருக்கம் செய்பவர்களே திணறும் ஜோடிகள் உண்டு: சினமனும் பிளாக் பேஸ்டலும், ஃபயரும் வனிலாவும், மொஹாவேயும் மிஸ்டிக்கும். லெஸ்ஸரும் பட்டரும் ஒன்றேதான் என்று பலரும் சொல்கிறார்கள், கண்ணால் பிரிக்க முடிவதில்லை. இந்த இடங்களில் தாய் தந்தை யார் என்ற பதிவுதான் உங்கள் ஆதாரம். பதிவு இல்லாத பாம்புக்கு ‘போலத் தெரிகிறது’ என்று மட்டும் எழுதி வையுங்கள். விற்கும்போதும் அப்படியே சொல்லுங்கள். தப்பான பெயர் ஒரு தலைமுறை தாண்டிவிட்டால் அதைச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

ஓங்கு, ஒடுங்கு, சூப்பர் – இதெல்லாம் என்ன?

பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடி படித்திருப்பீர்கள், அதே கணக்குதான். ஒவ்வொரு மரபணுவிலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள்.

ஒடுங்கு மார்ஃப் வெளியே தெரிய இரண்டு பிரதியும் வேண்டும். ஆல்பினோ, பைபால்ட், க்ளவுன், ஆக்சாந்திக், லாவெண்டர் ஆல்பினோ எல்லாம் இந்த வகை. ஒரு பிரதி மட்டும் இருந்தால் பாம்பு நார்மல் போலவே இருக்கும், ஆனால் மரபணுவைச் சுமந்துகொண்டிருக்கும். அதுதான் ‘ஹெட்’.

முழுமையற்ற ஓங்கு மார்ஃபில் ஒரு பிரதியே தோற்றத்தை மாற்றும், இரண்டு பிரதி சேர்ந்தால் இன்னொரு தோற்றம் வரும். அந்த இரண்டாவதுதான் ‘சூப்பர்’. பேஸ்டல், மொஹாவே, லெஸ்ஸர், சினமன், ஃபயர், என்சி இதில் அடங்கும். பேஸ்டலையும் பேஸ்டலையும் சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நான்கில் ஒரு பங்கு சூப்பர் பேஸ்டல், பாதி பேஸ்டல், நான்கில் ஒன்று நார்மல். இரண்டு பிரதி இருந்தும் தோற்றம் மேலும் மாறாவிட்டால் அது முழு ஓங்கு. பின்ஸ்ட்ரைப்பை உதாரணமாகச் சொல்வார்கள்.

‘ஒவ்வொரு முட்டைக்கும்’ என்பதை மறக்காதீர்கள். இரண்டு ஹெட் க்ளவுன்களைச் சேர்த்து ஆறு முட்டை கிடைத்தால் ஒன்றரை க்ளவுன் வரும் என்று மனக்கணக்குப் போடுவார்கள். ஆறிலும் ஒன்றுகூட வராமல் போக ஏறத்தாழ 18 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அப்படி ஆனவுடனே விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது.

‘66 சதவீத ஹெட்’ என்றால் பாம்பில் 66 சதவீதம் மரபணு இருக்கிறதா?

இல்லை. ஒரு பாம்பு ஹெட்டாக இருக்கும், அல்லது இருக்காது. நடுவில் எதுவும் கிடையாது. இரண்டு ஹெட்கள் சேர்ந்து பிறந்த குட்டிகளில், மார்ஃப் வெளியே தெரியும் குட்டிகளைத் தள்ளிவிட்டால் மிச்சம் எல்லாம் நார்மல் போல இருக்கும். அவற்றில் மூன்றுக்கு இரண்டு ஹெட். எது என்று பார்த்துச் சொல்ல முடியாததால் எல்லாவற்றையும் ‘66 சதவீத ஹெட்’ என்று விற்கிறார்கள். ஹெட்டையும் நார்மலையும் சேர்த்தால் வருபவை ‘50 சதவீத ஹெட்’. அப்பாவோ அம்மாவோ மார்ஃபாகவே இருந்தால் மட்டும் ‘100 சதவீத ஹெட்’.

சோதிப்பது எளிது. 66 சதவீத ஹெட் க்ளவுன் பெண்ணுக்கு, க்ளவுன் ஆணையே போடுங்கள். அவள் உண்மையில் ஹெட்டாக இருந்தால் முட்டைக்குப் பாதி வாய்ப்பு. ஆறு குட்டியிலும் க்ளவுன் இல்லை என்றால், ஹெட்டாக இருந்தும் அப்படி ஆவதற்கு 64இல் ஒரு வாய்ப்புதான். அப்போது அவள் ஹெட் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

வால் பக்கத்துக் கோடு, வயிற்று அடையாளம் ஆகியவற்றைக் காட்டி ‘இது நிச்சயம் ஹெட் பைபால்ட்’ என்று சொல்பவர்கள் உண்டு. ஹெட் பைபால்டுகள் பலவற்றில் அந்தக் கோடுகள் இருப்பது உண்மை. நார்மல்களிலும் இருக்கிறது என்பதும் உண்மை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இரண்டு ஆக்சாந்திக்கைச் சேர்த்தும் எல்லாக் குட்டியும் நார்மலாக வந்தது. எப்படி?

ஆக்சாந்திக் என்று ஒரே பெயரில் பல வம்சங்கள் இருக்கின்றன. விபிஐ, டிஎஸ்கே, ஜோலிஃப், எம்ஜே என்பவை அவற்றில் சில. மஞ்சள் நிறம் இல்லாத தோற்றம் ஒன்றுபோல இருந்தாலும் மாற்றம் நடந்த மரபணு வேறு. ஒன்றோடொன்று சேர்த்தால், இரண்டுக்கும் ஹெட்டாக இருக்கும் நார்மல் குட்டிகள்தான் கிடைக்கும். வாங்கும்போதே எந்த வம்சம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

முழு வெள்ளைப் பாம்பு எப்படி வருகிறது?

பல வழி இருக்கிறது. மொஹாவே, லெஸ்ஸர், பட்டர், ருஸ்ஸோ, மிஸ்டிக், ஃபேன்டம் ஆகியவை ஒரே மரபணுவின் வெவ்வேறு அல்லீல்களாகச் செயல்படுகின்றன. இவற்றில் பல ஜோடிகள் நீலக்கண் வெள்ளைப் பாம்பைத் தரும். லெஸ்ஸரும் லெஸ்ஸரும் சேர்ந்தால் சுத்த வெள்ளை. மொஹாவேயும் மொஹாவேயும் சேர்ந்தால் வெள்ளை உடம்பு, தலையில் மட்டும் சாம்பல் பூச்சு. மிஸ்டிக்கும் மொஹாவேயும் சேர்ந்தால் வெள்ளையே வராது, ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் ‘மிஸ்டிக் போஷன்’ வரும். கண் கறுப்பாக இருக்கும் வெள்ளைப் பாம்பு, பெரும்பாலும் சூப்பர் ஃபயர்.

வெள்ளைக்கு அடியில் வேறு என்ன மரபணு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பேஸ்டல் இருக்கலாம், யெல்லோபெல்லி இருக்கலாம். அதன் குட்டிகளில்தான் வெளியே வரும்.

என் ஆண் பனானாவுக்குப் பிறக்கும் பனானா எல்லாம் ஆணாகவே இருக்கிறது. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாம்புகள் எல்லாவற்றிலும் பறவைகளைப் போலப் பெண்ணுக்குத்தான் இரண்டு வேறு பால் குரோமோசோம்கள் என்று நெடுங்காலம் நம்பிவந்தார்கள். 2017இல் வெளியான ஆய்வு, பால் பைதானின் உறவான பர்மிய மலைப்பாம்பிலும் போவா என்ற பாம்பு வகையில் ஓர் இனத்திலும் மனிதர்களைப் போல எக்ஸ்–ஒய் முறை இருப்பதைக் காட்டியது, பால் பைதானிலும் அப்படித்தான் என்பதற்குப் பனானாவைச் சான்றாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே இனப்பெருக்கம் செய்பவர்கள் பனானாவில் ஏதோ ஒரு ஒழுங்கு இருப்பதைக் கவனித்து வந்தார்கள்.

பனானா மரபணு பால் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. ஓர் ஆண் பனானா அந்த மரபணுவைத் தன் அப்பாவிடமிருந்து பெற்றிருந்தால், அது ஒய்யில் இருக்கும். ஒய் மகன்களுக்குத்தான் போகும், அதனால் அவனுக்குப் பிறக்கும் பனானாக்கள் அநேகமாக எல்லாம் ஆண், பனானா அல்லாதவை அநேகமாகப் பெண். இவனை ‘மேல் மேக்கர்’ என்பார்கள். அம்மாவிடமிருந்து பெற்றிருந்தால் எக்ஸில் இருக்கும், அவனுடைய பனானாக்கள் பெரும்பாலும் பெண்ணாக வரும். அவன் ‘ஃபீமேல் மேக்கர்’. பெண் பனானாவுக்கு இந்தச் சாய்வு கிடையாது, இரண்டு பாலிலும் சமமாகக் கொடுப்பாள். அவளுடைய பனானா மகன்கள் எல்லாம் ஃபீமேல் மேக்கர்கள். குரோமோசோம் துண்டுகள் இடம் மாறுவதால் எப்போதாவது கணக்குத் தப்பும்.

அதனால் ஆண் பனானா வாங்கினால் அதன் அப்பா பனானாவா, அம்மா பனானாவா என்று கேளுங்கள். பெண் குட்டிகள் வேண்டுமென்றால் இந்த ஒரு கேள்வி பல வருடங்களை மிச்சப்படுத்தும்.

ஸ்பைடர் மார்ஃப் தலை ஆட்டுகிறது. நோயா?

தொற்று நோய் இல்லை, அந்த மரபணுவோடேயே வருவது. கெவின் மெக்கர்லி 1999இல் அமெரிக்காவில் நிரூபித்த இந்த மார்ஃப் பார்க்க மிக அழகு: மெல்லிய கறுப்பு வலை போட்ட பொன்னிற உடம்பு. ஆனால் ஒவ்வொரு ஸ்பைடருக்கும் ஏதோ ஓர் அளவில் சமநிலைக் கோளாறு இருக்கிறது. லேசாக இருந்தால் இரையைப் பார்க்கும்போது தலை நடுங்கும். கடுமையாக இருந்தால் தலை திருகிக்கொள்ளும், கொத்தும்போது குறி தவறும், தலைகீழாகப் புரண்டு கிடக்கும். 2022இல் மைக்ரோ சிடி ஸ்கேன் மூலம் ஸ்பைடர்களின் உட்காதைப் பார்த்த ஆய்வு, சமநிலையை உணரும் அரைவட்டக் குழல்களும் சாக்யூலஸ் என்ற பையும் உருக்குலைந்திருப்பதைக் காட்டியது. ‘நல்ல வம்சமாகத் தேர்ந்தெடுத்தால் ஆட்டம் போய்விடும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். ஆட்டம் குறைந்த பெற்றோருக்கும் கடுமையாக ஆடும் குட்டி பிறக்கும்.

பிரிட்டனில் இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிக்கல் சொசைட்டி தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனையைத் தடை செய்தது. சரியான முடிவு என்பேன். ஏற்கெனவே வீட்டில் ஸ்பைடர் இருந்தால் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: உயரமாக ஏறும் கிளைகள் வேண்டாம், உயிருள்ள இரை வேண்டாம், சூட்டை அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். குட்டி மட்டும் எடுக்காதீர்கள். ஓமா, ஹிடன் ஜீன் ஓமா, ஷாம்பெய்ன் ஆகியவற்றிலும் இந்த ஆட்டம் உண்டு. ஷாம்பெய்னையும் ஸ்பைடரையும் சேர்த்தால் இரண்டும் பெற்ற குட்டி பிழைப்பதில்லை.

வேறு எந்த மார்ஃபில் பிரச்சினை இருக்கிறது?

சூப்பர் சினமன், சூப்பர் பிளாக் பேஸ்டல் இரண்டிலும் வாத்து மூக்கு போல முகம் தட்டையாவதும் முதுகெலும்பு வளைவதும் காணப்படுகிறது. கேரமல் ஆல்பினோவிலும் முதுகெலும்பு வளைவு அதிகம். சூப்பர் லெஸ்ஸரில் சிலவற்றுக்குக் கண் பிதுங்கி இருக்கும். டெசர்ட் பெண்களுக்கு முட்டை தங்கிப்போய் உயிருக்கே ஆபத்தாகும், அதனால் அவற்றை ஆணோடு சேர்க்கவே கூடாது. ஒரு ஜோடியைத் தீர்மானிக்கும் முன், வரப்போகும் ஒவ்வொரு கூட்டையும் எழுதிப் பார்த்து இந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

பெண் பாம்பு எப்போது தயார்?

எடை 1,500 கிராமுக்குக் குறையக் கூடாது, வயது குறைந்தது மூன்று இருக்க வேண்டும். தீனியைத் திணித்து இரண்டு வயதிலேயே எடையை ஏற்றிக் குட்டி எடுப்பவர்கள் உண்டு. அது கொழுப்பு, வளர்ச்சி இல்லை. ஆணுக்கு 600, 700 கிராம் போதும். முட்டையிட்ட பெண் எடையில் கணிசமாக இறங்கியிருப்பாள். எடை முழுதும் திரும்பாவிட்டால் அடுத்த வருடம் ஓய்வு கொடுங்கள்.

அமெரிக்கா, ஐரோப்பாவில் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஜோடி சேர்ப்பார்கள். சில நாள் சேர்த்து வைத்து, சில நாள் பிரித்து, மறுபடி சேர்ப்பது வழக்கம். இணைந்தால் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் அப்படியே இருக்கும். பிரிக்க முயல வேண்டாம்.

முட்டையிடப் போகிறாள் என்று எப்படித் தெரியும்?

கருமுட்டை வெளிவரும்போது உடம்பின் நடுப்பகுதி, பெரிய இரையை இப்போதுதான் விழுங்கியது போலப் புடைக்கும். ஒரு நாளுக்குள் வடிந்துவிடும், கவனிக்காவிட்டால் தவறிவிடும். அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சட்டை உரிப்பாள். அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஏறத்தாழ 30 நாளில் முட்டை. இதற்கிடையில் இரையைத் தொடாமல் இருப்பாள், சூடான இடத்தைச் சுற்றிச் சுருண்டு கிடப்பாள், சில நேரம் வயிறு மேலே தெரியும்படி புரண்டு படுப்பாள். பயப்பட ஒன்றுமில்லை.

முட்டையை என்ன செய்வது?

சராசரியாக ஆறு முட்டை. நான்கும் வரலாம், பத்தும் வரலாம். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிய்க்காதீர்கள். எப்படிக் கிடந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி எடுத்து வைக்க வேண்டும். புரட்டினால் உள்ளே கரு அழியலாம். பென்சிலால் மேல்பக்கம் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். இருட்டறையில் சின்ன டார்ச்சை ஓட்டோடு ஒட்டிப் பிடித்தால் நல்ல முட்டையில் சிவப்பு நரம்புகள் கிளைவிட்டுத் தெரியும். மஞ்சளாக, சின்னதாக, நரம்பே இல்லாமல் இருப்பது கருவுறாத முட்டை.

ஈர வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்கள்) நிரப்பிய மூடிய டப்பா, இன்குபேட்டரில் 31 முதல் 32 டிகிரி செல்சியஸ். சூடு கூடினால் முதுகு வளைந்த குட்டிகள் பிறக்கும் அபாயம் உண்டு. 55 முதல் 60 நாளில் பொரியும். கடைசி இரண்டு வாரத்தில் முட்டை குழிவிழுவது இயல்பு, தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். முதல் குட்டி தானாக மூக்கை நீட்டும் வரை முட்டையை வெட்டித் திறக்கக் கத்தரியை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எந்த மார்ஃப் என்று பார்க்கும் அவசரத்தில் சீக்கிரமே வெட்டி, மஞ்சள் கரு உறிஞ்சப்படாத குட்டியை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிறந்து ஒரு வாரம் பத்து நாளில் முதல் சட்டை உரியும். நிறம் அப்போதுதான் தெளியும், படம் எடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

ஆணே இல்லாமல் முட்டை வந்திருக்கிறது!

வரும். பெண் பாம்பு பழைய இணைவின் விந்தைச் சேமித்து வைக்கும். சில சமயம் ஆண் துணையே இல்லாமல் கருவும் உருவாகும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் குறைந்தது 62 வயதான பால் பைதான் ஒன்று, பதினைந்து வருடத்துக்கு மேல் எந்த ஆணோடும் சேராமல், 2020 ஜூலையில் ஏழு முட்டை இட்டது. போன வருடம் வேறு ஆணோடு சேர்த்த பெண் என்றால், இந்த வருடக் குட்டிகளுக்கு அப்பா யார் என்று எழுதும் முன் யோசியுங்கள்.

இந்தியாவில் வளர்க்கலாமா?

பால் பைதான், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், இறந்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பெட்டிக்குள் திணித்துக் கடத்திவரப்பட்டுப் பிடிபடும் பாம்புகளில் பால் பைதானும் உண்டு. அந்த வழியில் வந்த குட்டி மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். நம் ஊர் மலைப்பாம்பு முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட உயிரினம், அதை வீட்டில் வைக்கவே கூடாது. சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் வளர்ப்புப் பிராணியாக வைக்க அனுமதி இல்லை.

சட்டையை வைத்து மரபணுச் சோதனை செய்யலாமா?

செய்யலாம், சில மார்ஃப்களுக்கு. உரித்துப்போட்ட சட்டையில் டிஎன்ஏ இருக்கும், ஊசி போட வேண்டியதில்லை. ஆராய்ச்சியும் அந்த வழியில்தான் நகர்ந்தது. வளர்ப்பவர்கள் தபாலில் அனுப்பிய சட்டைகளைக் கொண்டு கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, ஆல்பினோ, லாவெண்டர் ஆல்பினோ, அல்ட்ராமெல் மூன்றுக்கும் காரணமான மரபணுக்களை 2022இல் வெளியிட்டது. பைபால்டுக்கு டிஃபெக் என்ற மரபணு என்று 2023இல் இன்னொரு குழு காட்டியது. இதுபோல இடம் தெரிந்த மரபணுக்களுக்கு, குட்டி எடுக்காமலே ஹெட்டா இல்லையா என்று அமெரிக்காவில் சோதனைக்கூடங்கள் சொல்லிவிடுகின்றன. மற்றவற்றுக்குப் பதிவும் சோதனைக் கலப்பும்தான்.

எடுத்து வைப்பதாக இருந்தால், ஒரு கூண்டில் ஒரு பாம்பு மட்டும் இருந்த சட்டையாக இருக்கட்டும். எச்சம் படாத பகுதியை உள்ளங்கை அளவு வெட்டி, நிழலில் நன்றாக உலர்த்தி, காகித உறையில் போட்டு, பாம்பின் எண்ணும் தேதியும் எழுதுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.